கிரிவலப் பாதையில் ஒரு பொக்கே

மணிமொழியின் கொல்லையில் தழைக்கும் ஃபெர்ன் செடிகளைப் பார்க்கச் சூரியனே மேகத்தை விலக்கிக்கொண்டு வரும். அவற்றை வைத்துப் பொக்கே கட்ட, முதல் கல்யாண ஆர்டர் வந்திருந்தது. கல்யாணத்தன்று பார்த்துப் பௌர்ணமி. அடி அண்ணாமலையில், பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரை விற்கும் கீரைக்காரிகள் பக்கத்தில், ரோஜாவும் ஃபெர்ன் தழையும் நிறைந்த வாளியோடு ஆட்டோவுக்கு நின்றாள். கிரிவலம் வந்த ஒருவர், அகத்திக்கீரை என்று நினைத்துத் தழையை அள்ளிப் பசுவுக்கு நீட்டிவிட்டார்.

"ஐயோ, அது பொக்கேவுக்குங்க!"

"மாடு நல்லாத்தானேம்மா துன்னுது?"

"புண்ணியம் உங்களுக்கு, பொண்ணு வீட்டுத் திட்டு எனக்கா?"

இழுத்தாள், பசு விடவில்லை. மலையே அதன் பக்கம் சேர்ந்து இழுத்தது. வாளியில் ரோஜாக்கள் மட்டும் மொட்டையாக நின்றன.

கல்யாணப் பெண் மேடையேறும் நேரம் நெருங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடியவள், யாரையும் தொடவிடாத தாய்ச்செடியில் குருத்தை மட்டும் விட்டு மற்றதை வெட்டினாள். பின்னாலேயே ஓடிவந்த கிரிவலக்காரரிடம் வாளியைத் திணித்தாள்.

"நடங்க மண்டபத்துக்கு! மாடு வந்தா நீங்க முன்னால நில்லுங்க."

நடந்துகொண்டே கட்டினாள். பெண் கை நீட்டியபோதுதான் கடைசி முடிச்சு விழுந்தது.