சுகுணாவின் கணக்கில் நான் நடக்காத நடை

பேராசிரியர் சுகுணா இறந்த செய்தியை அவருடைய துறையில் பணிபுரியும் ரஃபீக் தொலைபேசியில் சொன்னபோது நான் ஓசூர் பேருந்து நிலையத்தில் இருந்தேன். “மேடம் போயிட்டாங்க சார். காலையில நெஞ்சு வலின்னாங்க.” சுகுணாவிடம் நான் சொல்லியிருந்த ‘அடுத்த வாரம்’தான் உடனே நினைவுக்கு வந்தது.

இந்த அஞ்சலியைப் படிக்கும், சுகுணாவுடன் வேலை செய்த உங்களுக்கு அவருடைய ஆராய்ச்சி தெரியும். கூரை விளக்கின் ஒளியிலேயே கைபேசிக்குத் தகவல் அனுப்பலாம். ஆனால் கைபேசி வைத்திருப்பவர் நடந்தால், சாய்ந்தால், ஒளி மறைகிறது. ஒவ்வோர் அடிக்கும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளி முழுவதையும் கணக்கிட்டால் கணினி நாள்கணக்கில் ஓடும். அறையின் கணக்கை ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டு, ஆள் நகரும்போது மாறுவதை மட்டும் புதிதாகக் கணக்கிட்டார் சுகுணா. “வேகம்னா அவசரம் இல்ல சார். போட்ட கணக்கையே திரும்பப் போடாம இருக்கறது” என்பார்.

கணக்கு சரியா என்று பார்க்க நிஜ மனிதர்கள் நடக்க வேண்டும். பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போனபோது, பாகலூர் சாலையில் ஒரு தொழிற்கூடத்தில் அந்தச் சோதனையைப் பார்த்தேன். ஒளி வாங்கும் கருவியைக் கையில் வாங்கிய தொழிலாளி ராஜண்ணா கேட்டார்: “நேரா நடக்கணுமா மேடம், இல்ல சூப்பர்வைசர் இல்லாதப்ப நடக்கற மாதிரியா?”

“இல்லாதப்ப நடக்கற மாதிரியே நடங்கண்ணா. அதுதான் வேணும்.”

அன்றே சுகுணா என் பக்கம் திரும்பினார். “உங்கள மாதிரி வயசானவங்க போனை நெஞ்சோட ஒட்டி வெச்சு, நின்னு நின்னு படிக்கிறீங்க. அந்த நடை என்கிட்ட இல்ல. ஒருநாள் வந்து நடந்துட்டுப் போங்க சார்.” அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். நகராட்சிக் கூட்டம் வந்தது. பிறகு தேர்தல் வந்தது. கடைசியாகப் பேசியபோது சிரித்தார்: “உங்க அடுத்த வாரம் எந்தக் காலண்டர்ல சார் இருக்கு?”

காரியத்தன்று ரஃபீக் மீதியைச் சொன்னார். ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் முன், இளைஞர்களின் நடையையே மெதுவாக்கி என் இடத்தில் போட்டுவிடலாம் என்று ரஃபீக்கே சுகுணாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். “ஒத்துக்கல சார். ‘அவர் நடக்கல, அப்ப நமக்குத் தெரியாது, தெரியாதுன்னே எழுது’ன்னுட்டாங்க.” வயதானவர்களுக்கு இம்முறை சரிவருமா என்பது சோதிக்கப்படவில்லை என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறதாம். அதைக் காரணம் காட்டித் தொழிற்கூட நிர்வாகம் அந்த விளக்குகளைப் பொருத்தும் முடிவைத் தள்ளிப்போட்டது. அது நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சுகுணா போயிருக்கிறார்.

“இப்பவும் வந்து நடக்கலாம் சார்” என்றார் ரஃபீக். திங்கட்கிழமை போகிறேன். அதனால் சுகுணாவுக்கு இனி ஆகப்போவது எதுவுமில்லை.

நேரில் பார்க்காததை ‘தெரிகிறது’ என்று எழுதியே பழகிய கை என்னுடையது. இந்த வாரம் ஒரு செய்தியில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, தெரியவில்லை என்று எழுதினேன். சுகுணாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.