ஊசி ஆடும் படகு

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதைப் பள்ளிக்கூடத்தோடு நின்ற நான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீட்டுக்கு வந்த நான் அரியாங்குப்பம் ஆற்றோரம் நிற்கிறேன். கட்டிக் கிடக்கும் பழைய ஃபைபர் படகில் ஒருவர் பேட்டரியின் கரண்ட் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊசி சட்டென ஏறுகிறது. அடியில் பம்பு உறுமி, குழாய் வழியாக ஆற்றில் தண்ணீர் கொட்டுகிறது. ஊசி இறங்குகிறது.

விசாரிக்க எனக்குக் கூச்சம். அவரே சொல்கிறார்: "அடியில விரிசல் சார். தண்ணி ஏறினா பம்பு தானா ஓடும், ஊசி ஆடும். காலைல அரை மணிக்கு ஒருவாட்டி ஆடுச்சி. இப்ப பத்து நிமிஷம்கூட இல்ல."

"கரைக்கு இழுக்க முடியாதா?"

"டிராக்டர் நாளைக்குத்தான் வருமாம். ஆஸ்பத்திரில எங்கப்பாவக்கூட இப்படிப் பாத்துகினு ஒக்காரல." சிரிக்கிறார். "இது போச்சின்னா அடுத்தவன் படகுல கூலிக்குத்தான் போவணும்."

"பேட்டரி தாங்குமா?"

அவர் மீட்டரைக் காட்டுகிறார். ஊசி இந்த முறை பாதிதான் ஏறுகிறது; பம்பு முனகி நிற்கிறது. அவர் வாளியை எடுக்கிறார். நானும் மொண்டு ஊற்றட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறும் முன் போய்ப் பார்த்தேன். படகு கட்டிய கயிறு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. வாளி கரையில் கிடந்தது. பக்கத்தில் டிராக்டர் நின்றிருந்தது.