பாண்டவர்குழியில் வைத்த வேட்டு

தாவீது தன் மனைவி மார்கரெட்டை முதன்முதலாகக் கைநீட்டி அடித்தது 1995ஆம் வருஷம், ஒரு மண்தொட்டிக்காக.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே, குன்றின் அடிவாரத்தில், உருட்டுக்கற்களை வட்டமாகப் பதித்து நடுவில் பெரிய பலகைக்கல் போட்டு மூடிய இடங்கள் முப்பதுக்கு மேல் உண்டு. ஊரார் அவற்றைப் பாண்டவர்குழி என்பார்கள். அந்தக் கோடையில் தொல்லியல் ஆட்கள் வந்து ஒரு வட்டத்தைத் தோண்டினார்கள். மார்கரெட் அங்கே மண் சுமந்தாள். ஆறடி ஆழத்தில், பன்னிரண்டு குட்டைக்கால்களோடு ஒரு சுடுமண் தொட்டி கிடைத்தது. செத்தவர்களை வைக்கும் தொட்டி என்றார் அதிகாரி நரசிம்மன். உள்ளே இருந்த மண்ணைச் சலித்துப் பார்த்தால் ஒரு எலும்புகூட இல்லை.

"அப்போ இது எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"எங்கேயோ செத்தவனுக்காகப் பேருக்கு வெச்சிருக்கலாம். நிஜமா தெரியலம்மா."

அதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினையாயிற்று. தாவீது கல்குவாரியில் வேட்டு வைக்கிறவன். கல்லின் கனம் அறிந்தவன்.

"அந்தக் கல்லு அஞ்சு டன்னு தேறும்மே. பொணமே இல்லாத குழிக்கு எவனாச்சும் அத்த இழுத்தாந்து மூடுவானா? உள்ள தங்கம் கீது. நீ பாத்துக்கீற."

"மண்ணுதான்யா இருந்துச்சி."

அறைந்தான். அதிகாரிகள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகும் விடவில்லை. தினமும் அதே கேள்வி, அதே உதை. ஜூனில் ஒருநாள் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் அவள் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வலி பொறுக்காமல், "பெரிய வட்டத்துல இருக்கும்னு சார் சொன்னாரு" என்று பொய் சொன்னாள்.

மறுநாளே தாவீதும் அவன் தம்பி பெஞ்சமினும் வெடிமருந்தோடு கிளம்பினார்கள். குவாரியில் மதியம் வேட்டுப் போடும் நேரம். அந்தச் சத்தத்தோடு இதுவும் போய்விடும். மார்கரெட்டையும் இழுத்துப் போனார்கள். பலகைக்கல்லில் மூன்று துளை போட்டு, மருந்தை இறுக்கித் திணித்து, திரியைப் பற்றவைத்தார்கள். இரண்டு வெடித்தன. மூன்றாவது வெடிக்கவில்லை. குவாரியாக இருந்தால் தாவீது அரைமணி நேரம் கிட்டவே போகமாட்டான். இங்கே பிளந்த கல்லுக்கிடையில் அதேபோல ஒரு தொட்டியின் விளிம்பு தெரிந்தது. ஓடிப்போய்க் குனிந்தான்.

அப்போது வெடித்தது.

புகை அடங்குமுன் பெஞ்சமின் ஓடிவிட்டான். மார்கரெட் குழிக்குள் இறங்கினாள். தாவீதுக்குக் கண்கள் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. வலக்கை மணிக்கட்டில் தோலோடு தொங்கியது.

"உள்ள இன்னா கீது? சொல்லுமே!"

பார்த்தாள். ஓடுகள், துருப்பிடித்த ஒரு கத்தி, ஈர மண்.

"ஒண்ணுமில்லய்யா."

"பொய் சொல்றடி!" இடக்கை காற்றில் துழாவி அவள் கழுத்தைப் பிடித்தது. விடவே இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது ஒரு கல்சில்லை எடுத்து அந்தக் கையில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். பிடி தளர்ந்தது. பிறகு அடிபடாத கையாலும் பல்லாலும் முந்தானையைக் கிழித்து அவனுடைய வலக்கையை இறுகக் கட்டிவிட்டு, டிராக்டர் பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள்.

தாவீது பிழைத்தான், குருடனாக. ஒன்பது வருஷம் அவள்தான் சோறு போட்டாள். கைக்கு எட்டாத தூரத்தில் நின்று தட்டைக் குச்சியால் தள்ளிவிடுவாள். வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொன்னது ஒன்றுதான்: "எனக்குக் கண்ணு போனதும் தங்கத்த இவ எடுத்துகினா." ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள்.

அவன் செத்த பத்தாம் நாள் பெஞ்சமின் கடப்பாரையோடு வந்து அவள் குடிசைத் தரையை இடித்தான். "அண்ணன் பங்கு எங்க அண்ணி?" என்று தலைமயிரைப் பிடித்தான். அவள் கையில் கிடைத்த அரிவாளால் அவன் முன்கையில் வெட்டினாள். எலும்பு தெரிந்தது. அலறிக்கொண்டு ஓடியவன் பிறகு வரவில்லை.

அவன் கொடுத்த புகாரில் பதினோரு நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். குடிசைக்குள் முழங்கால் ஆழத்துக்கு யாரோ பள்ளம் தோண்டிப் பார்த்திருந்தார்கள். அதை மூடாமலே பஸ் ஏறினாள். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. உடன் வேலை செய்கிறவர்கள் ஊரைக் கேட்டால், மேல்மருவத்தூர் பக்கம் என்பாள். அதற்குமேல் சொல்வதில்லை.