குதிரை ஏற ஒரு ஜீன்ஸ்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். முதலில் குதிரை ஏறியவனும் நான்தான். நான் பழகிய பயிற்சிப் பள்ளியில் வெஸ்டர்ன் எனப்படும் அமெரிக்க கவ்பாய் பாணிக் குதிரைப் போட்டி வைத்தார்கள். காலர் வைத்த முழுக்கைச் சட்டையும் பூட்ஸை மூடும் ஜீன்ஸும் வேண்டும், உடை சரியில்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்றார்கள். அதற்கென்று விற்கும் உடை எனக்குக் கட்டுப்படியாகாது. திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்கார அம்மா ஒல்லியானவர், கழுத்தில் இஞ்சு டேப். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் கையில் தரமாட்டார்.

குதிரைப் போட்டிக்கு என்று சொல்லி, ஒரு ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கச்சிதமாக இருந்தது.

"ஏனுங்க தம்பி, குதிரை மேல நிக்கப் போறீங்களா, உக்காரப் போறீங்களா?"

"உக்காரத்தானுங்க."

"அப்ப இந்த மூட்டை மேல ஏறி உக்காருங்க கண்ணு."

துணி மூட்டையின் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தேன். ஜீன்ஸ் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல், நாலு இஞ்சு கூடுதல் நீளமானதைத் தேடி எடுத்தார். சட்டையும் குனிந்து நிமிர்ந்தால் வெளியே வராத நீளத்தில் தந்தார்.

போட்டியில் நடுவர் என் உடையைக் காட்டி, "எல்லாரும் இப்படி வரணும்" என்றார். புதியவர்கள் பிரிவில் முதல் பரிசான ரிப்பன் எனக்குத்தான்.

மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். குதிரைப் போட்டியைக் கண்ணால் பார்த்திராத அந்த அம்மா, வாங்கியதும் பின்பக்கம் திருப்பினார்.

"பிசிறு தொங்குதுங்க. இருங்க கண்ணு" என்று கத்தரியை எடுத்தார்.

இன்றும் அந்த ரிப்பன் எங்கள் வீட்டுச் சுவரில், ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிராமல் இருக்கிறது.