சொல்முகில் விழுங்கிய சொல்

எங்கள் ஆசிரியர் அறை அலுமாரிக் கதவில் ஒரு தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. பெரிதும் சிறிதுமாகச் சொற்கள் முகில்போல் திரண்ட படம். நடுவில் பூசணிக்காய் மாதிரி ‘சத்தம்’. பக்கத்தில் ‘வெக்கை’, ‘கணிதம்’. கீழ் மூலையில் மட்டும் ஒரு சொல் அச்சில் இல்லை. நான் சிவப்புப் பேனையால் எழுதியது.

படத்தைச் செய்தவர் எங்கள் கணினி ஆசிரியர். நான் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிப்பவள். படிக்க இடைஞ்சலாக இருப்பது எது என்று பிள்ளைகளிடம் கேட்டு, பெயரில்லாமல் ஒரே சொல்லில் துண்டுத்தாளில் எழுதி வாங்கியிருந்தோம். கூடுதல் பேர் எழுதிய சொல் பெரிதாகத் தெரியும்படி படமாக்கித் தர இணையத்தில் இலவசத் தளங்கள் இருக்கின்றனவாம். இலவசம் என்றாலே நான் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசிப்பவள்.

“சும்மா தாறவன் ஏன் சேர் சும்மா தாறான்?” என்றேன்.

“உங்களுக்குச் சந்தேகம் வராத சாமான் ஏதும் இருக்கோ, ரீச்சர்?” என்று சிரித்தார்.

நான்கு தளங்களைத் திறந்து காட்டினார். முதலாவது மின்னஞ்சல் முகவரி கேட்டது, மூடச் சொன்னேன். இரண்டாவது கொம்பு வேறு எழுத்து வேறாக ‘வெக்கை’யைக் கொத்திப் போட்டது. மூன்றாவது, செய்த படத்தை ஊரெல்லாம் பார்க்கும் பக்கத்தில் போடுமென்று அடியில் பொடி எழுத்தில் சொல்லியிருந்தது. நாலாவது ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு மற்ற மூன்றையும்விடச் சந்தேகமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அதிலேயே செய்த படத்தை அவர் அச்சடித்துக்கொண்டு வந்ததும், துண்டுகளை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒரு துண்டில் இருந்த ‘கரும்பலகை’ படத்தில் இல்லை.

“பாத்தியளோ சேர், ஒண்டை மறைச்சுப்போட்டியள்!”

மனுசனின் முகம் கறுத்துவிட்டது. தான் தட்டச்சு செய்த பட்டியலைக் காட்டினார். சொல் அதில் இருந்தது. ஒருவர்தான் எழுதியது, நீளமும் கூட. இடம் போதாமல் தளம் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டிருந்தது.

பிழை பிடித்த சந்தோசப் புளுகத்தில் துண்டை மறுபடி பார்த்தபோதுதான் கையெழுத்து பிடிபட்டது. நீர்வேலியிலிருந்து வருகிற பிள்ளை. கடைசி வாங்கில் இருந்துகொண்டு பக்கத்துக் கொப்பியை எட்டி எட்டிப் பார்ப்பாள். அந்தத் தவணை முழுக்க அவளுடைய கொப்பியில் சிவப்பால் ‘பார்த்தெழுதியது’ என்று போட்டிருந்தேன். வகுப்புக்கு முன்னால் கள்ளி என்றும் சொல்லியிருந்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பலகையிலை எழுதிறது ஒண்டும் தெரியிறேல்லை, ரீச்சர். அதுதான் பக்கத்துப் பிள்ளையின்ரை கொப்பியைப் பாத்தனான்.”

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நம்பியிருப்பியளோ?”

அன்றே அவளை முன்வாங்குக்கு மாற்றினேன். தாயைக் கூப்பிட்டுக் கதைத்து, கண் வைத்தியரிடம் காட்டி, கண்ணாடியும் வந்தது. கள்ளி என்று சொன்ன அதே வகுப்புக்கு முன்னால் மன்னிப்பும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கணினி ஆசிரியர் இப்போது தீவுப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது, “அந்தச் சொல்லையும் சேர்த்து வடிவா ஒண்டு அடிச்சுத் தரட்டோ, ரீச்சர்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இலவசத் தளங்களை நான் இன்றைக்கும் நம்புவதில்லை. ஆனால் கொப்பி திருத்தச் சிவப்புப் பேனையை எடுத்தால் முதலில் அலுமாரிக் கதவைப் பார்த்துக்கொள்கிறேன். மூலையில் ‘கரும்பலகை’ இருக்கிறது. அறையின் கடைசிக் கதிரையில் இருந்தாலும் தெரியும் அளவுக்குப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன்.