பேரிங் மாற்றிய கதை

அத்திம்பேரின் வண்டி சைதாப்பேட்டையிலிருந்து நன்றாகத்தான் வரும். தேனாம்பேட்டையில் நிற்காது, ஆழ்வார்பேட்டையில் நிற்காது, லஸ் முனையில் மாடு குறுக்கே படுத்திருந்தால்கூட ஒதுங்கிப் போய்விடும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் மூச்சை விட்டுவிடும்.

அத்தையின் கணவரைத்தான் அத்திம்பேர் என்கிறேன். வண்டி என்பது ஒரு சாதாரண சைக்கிள். அதில் சொம்பு அளவுக்கு ஓர் இன்ஜினைப் பொருத்தியிருந்தார். பெட்ரோல் ஊற்றினால் மிதிக்காமலே ஓடும். இப்போது தெருவில் ஓடுகிறவற்றை எண்ணி மாளவில்லை, அந்தச் சத்தத்தில் தூக்கமும் போய்விட்டது. அப்போது எங்கள் பேட்டையில் அப்படி ஒன்றுதான் வரும்.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அப்பா, நான், அத்தை மூன்று பேர். கல்யாணமாகிச் சைதாப்பேட்டை போயிருந்த அத்தை, முதல் ஆடிக்குப் பிறந்த வீடு என்று வந்தாள். ஆடிக்கு மாப்பிள்ளையை நேரில் போய் அழைக்க வேண்டும். அப்பாவுக்கு அன்று ஆபீஸ் வேலை. ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டார். அத்திம்பேரின் அம்மா, "தபால்ல கூப்பிட்டவா பொண்ணையும் தபால்லயே அனுப்பட்டும்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவும், "அவா வந்து கூப்பிட்டா அனுப்பறேன்" என்றார். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் வந்தது. யாரும் வரவில்லை.

அழைக்காத வீட்டுக்கு மாப்பிள்ளை வரக்கூடாது. ஆனால் வாசலில் வண்டி நின்றுபோன ஒரு மனிதரை உள்ளே வராதே என்று யார் சொல்ல முடியும்?

"இன்னா சாமி, நீ வண்டில வர்றியா, வண்டிய இட்டுகினு வர்றியா?" என்று எதிர்ச் சாரி ஜட்காக்காரர் கேட்பார். "இத்த வித்துட்டு என் குதிரைய வாங்கிக்க. அது எங்க நின்னாலும் புல்லுக்குத்தான் நிக்கும்." அத்திம்பேர் சிரித்துக்கொண்டே வண்டியை எங்கள் முற்றத்துக்குத் தள்ளுவார். எதையோ கழற்றுவார், எதையோ மாட்டுவார். துடைக்கக் கந்தல் துணி கேட்பார். அத்தை அதை ஒவ்வொன்றாகத்தான் கொண்டு வருவாள். ஒரு முறை பதினோரு துண்டுகள் எண்ணினேன். மொத்தமாகக் கொண்டு வந்தால் என்ன என்று கேட்டதற்கு என் தலையில் குட்டினாள்.

அப்பாவுக்கு மனிதர்களைவிட இயந்திரங்களிடம் மரியாதை அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நின்றுபோன வண்டியின் சக்கரத்தைத் தூக்கி இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்த்தார். கரகரவென்றது. இன்ஜினுக்குள் சுழலும் தண்டைப் பிடித்து ஆட்டினார், ஆடியது.

"பேரிங் போயிடுத்து, மாப்பிள்ளை. இத்தனை நாளா இதோடவா ஓட்டினேள்?"

"இருக்கட்டும் அண்ணா, பரவாயில்லே. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

"கூடாது. இன்ஜினையே தின்னுடும்."

அடுத்த ஞாயிறு மவுண்ட் ரோட்டுப் பழைய சாமான் கடையிலிருந்து மூன்று பேரிங்குகளைக் கொண்டு வந்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரரோடு ஏற்பாடு. வளையத்தில் பொறித்த எண்ணைப் பழையதன் எண்ணோடு ஒத்துப் பார்த்தார். மூன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். முதலாவதில் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் வெந்தது என்று ஒதுக்கினார். இரண்டாவது பளபளவென்றிருந்தது. விரலில் மாட்டிச் சுற்றினால் பம்பரம்போல் நிற்காமல் சுற்றியது. நான் அதுதான் என்றேன். அத்திம்பேரும் அவசரமாக அதுதான் என்றார்.

"உள் வளையத்தை ஆட்டிப் பாருங்கோ. லொடலொடங்கறது. தளர்ந்ததுதான் இப்படிச் சுத்தும். ஒரு மாசம் தாங்காது."

"ஒரு மாசம் போறுமே, அண்ணா."

அப்பா அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

மூன்றாவது பார்வைக்கு மங்கல். வளையத்துக்குள் ஒன்பது இரும்புக் குண்டுகள். அப்பா அதை என் காதோரம் வைத்துச் சுற்றினார். சத்தமே இல்லை, பட்டுத் துணியை மடிப்பதுபோல் இருந்தது. இரண்டு சுற்றில் தானாக நின்றது. "இதுதான்" என்று நான் கத்தினேன். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அன்று துணி கொண்டு வரவேயில்லை.

பொருத்தி முடித்ததும் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே ரெண்டு வருஷத்துக்கு நிக்காது. நின்னா என்னைக் கேளுங்கோ" என்றார். அத்திம்பேர் நமஸ்காரம் சொன்னது அழுகிற மாதிரி இருந்தது. வண்டி ஒரே மிதியில் கிளம்பிப் போயிற்று.

அதன் பிறகு அவர் வரவில்லை. வந்து நின்றால் அப்பா பொறுக்கிய பேரிங்கைக் குறை சொன்னதாகும். அத்தை கொல்லைப்புற வேலையெல்லாம் விட்டுவிட்டு வாசல் பக்கத்து அறையிலேயே அரிசியில் கல் பொறுக்கினாள். ஏற்கெனவே பொறுக்கின அரிசி அது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை அந்தச் சத்தம் கேட்டது. வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. தெருமுனையில் திரும்பி வந்தது. மறுபடி தாண்டியது. மறுபடி வந்தது.

"அப்பா, அத்திம்பேருக்கு நம்மாத்துக்கு வழி மறந்துடுத்து" என்றேன்.

அப்பா பேப்பரை மடித்தார். ஜன்னலருகே அத்தையின் முறத்தில் அரிசி அசையாமல் இருந்தது. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்க் கையை நீட்டி வண்டியை மறித்தார்.

"சத்தம் சரியில்லையே, மாப்பிள்ளை. உள்ளே கொண்டு வாங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. என் காதால் தேர்ந்தெடுத்த பேரிங்! "நன்னாத்தான்பா இருக்கு" என்று நான் சொல்லச் சொல்ல அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். ஸ்பானர் வாங்கப் போகிறோமாம். வீட்டில் ஆறு ஸ்பானர் இருந்தது.

கடைக்குப் போகவில்லை. குளத்துப் படியில் உட்கார்ந்தோம். அப்பா விரல்களை மடித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுட்டுச் சைதாப்பேட்டை போலாம்டா" என்றார்.

"பேரிங்கைத் திருப்பிக் கொடுக்கவா?"

"இல்லே. அவாளை நேர்ல கூப்பிடணும்."

நேரில் கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள். வந்தால், போகும்போது அத்தையை அழைத்துப் போவார்கள். அப்புறம் எங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். அப்பா அந்தப் படியில் போட்ட கணக்கு இதுதான். குண்டுகளையும் கந்தலையும் எண்ணிய எனக்கு அது எட்டவில்லை. பஸ்ஸில் போகப் போகிறோம் என்ற சந்தோஷத்தில், என் நல்ல சட்டையை எடுத்து வைக்கும்படி அத்தையிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். "மெதுவாப் போடா, இப்பவே போகாதே" என்று அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.