குரூப்பில் போட்ட பத்திரிகை

லோகப்பிரியாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். கை அதைவிட வேகம். கோயமுத்தூர் மென்பொருள் கம்பெனி ஒன்றில் பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதுகிறாள். சூலூரில் சொந்தமாகக் கட்டிய வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் ஒரு வெப்சைட் அவள் பிராணனை வாங்கியது.

மேட்டுப்பாளையம் பாக்கு வியாபாரி காளிச்சாமியின் ஏலத்துக்கானது அது. வெள்ளி காலை ஏழு மணிக்கு ஏலம். வெப்சைட்டின் முகவரியை மாற்றியதிலிருந்து பக்கம் திறக்கிறது, விலைப்பட்டியல் மட்டும் வருவதில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏலத்தன்றும் சுற்றினால் காளிச்சாமி வேறு கம்பெனி பார்ப்பார், லோகப்பிரியா வேறு வேலை பார்க்க வேண்டும்.

கோளாறை அரை மணியில் பிடித்துவிட்டாள். தன் பட்டியலில் இருக்கும் முகவரியிலிருந்து கேட்டால்தான் சர்வர் பதில் சொல்லும். புது முகவரி பட்டியலில் இல்லை. ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். சர்வர், பக்கத்து சீட்டு ராமாமணியின் பொறுப்பு.

"ஏனுங்க அக்கா, சேத்துப்போட்டீங்களா?"

"பாக்கலாமுங்க."

மூன்று நாளாக இதே பாக்கலாமுங்க. வியாழன் மதியம் லோகப்பிரியா வெடித்தாள். "முகவரி மாறுனத அன்னிக்கே ஆபீஸ் குரூப்புல போட்டனுங்களே!"

"குரூப்புல எத்தனையோ வருதுங்க. உங்க கிரகப்பிரவேசப் பத்திரிகைகூட வந்துச்சு."

லோகப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, எட்டு வருஷமாக டிபன் பாக்ஸைப் பங்கு போட்டவளுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகையா! வீடு தேடிப் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்காததை இந்த ஊரில் யார் அழைப்பென்று எடுத்துக்கொள்வார்கள்?

சாயங்காலமே கணவன் அருண்குமாரை இழுத்துக்கொண்டு உக்கடத்தில் ராமாமணி வீட்டு வாசலில் நின்றாள். "புத்தி கெட்டுப்போச்சுங்க அக்கா. குடும்பத்தோட மொத நாளே வந்துரோணும்."

ராமாமணி பத்திரிகைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காபி வந்தது, மிக்சர் வந்தது. ஏலத்தைப் பற்றிக் கேட்க லோகப்பிரியாவுக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள். டம்ளர் காலியானதும் ராமாமணி லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு பட்டனை அழுத்தினாள். லோகப்பிரியாவின் செல்போனில் வட்டம் நின்று, பாக்கு விலை மளமளவென்று வந்து விழுந்தது.

"ஒண்ணுமே எழுதலீங்களே அக்கா?"

"திங்கக்கெழமையே எழுதி வெச்சுட்டேன் அம்மணி. சர்வர்ல ஏத்தல, அவ்வளவுதான்."

"நான் வராம இருந்திருந்தா?"

"நாளைக்குக் காலைல ஆறே முக்காலுக்கு ஏத்தியிருப்பேன்," என்றாள் ராமாமணி. "ஞாயித்துக்கெழம வந்திருக்க மாட்டேன்."